பாதியில் நிற்கும் ஃபைலுக்குப் பழைய விதியா, புதிய விதியா?

2025 செப்டம்பர் 22. ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்த நாள். 20-ம் தேதியே பில் போட்டு, பணமும் கட்டியாச்சு; ஏசி டெலிவரி ஆனது 23-ம் தேதி. அப்போ எந்த வரி? பழைய 28 சதவீதம்தான். டெலிவரி, பில், பணம் ஆகிய மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கத்து வரிதான் பொருந்தும். சிஜிஎஸ்டி சட்டத்தின் 14-வது பிரிவு இதை முன்பே தெளிவாக்கிவிட்டது.

இதே கேள்வி சாஃப்ட்வேரிலும் வரும். கடன், இன்சூரன்ஸ் கிளெய்ம், ரீஃபண்ட் எல்லாம் இன்று 'ஒர்க்ஃப்ளோ' சாஃப்ட்வேரில் படிப்படியாக நகர்கின்றன. படிகளை மாற்றினால், பாதி வழியில் இருக்கும் விண்ணப்பங்கள் என்னாகும்?

சிக்கல் எங்கே?

ஒரு வங்கியில் முதலில் ஆவணச் சரிபார்ப்பு, அடுத்து கிரெடிட் ஸ்கோர், பிறகு ஒப்புதல் என்று வைத்துக்கொள்வோம். இனி ஸ்கோர் முதலில், ஆவணம் இரண்டாவது என்று மாற்றுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு விண்ணப்பம் ஆவணப் படியில் நிற்கிறது. அதை அப்படியே புதிய முறையின் ஆவணப் படிக்கு நகர்த்தினால், அடுத்தது நேராக ஒப்புதல். ஸ்கோரை யாருமே பார்க்கவில்லை! எந்த எரரும் வராது. கடன் மட்டும் போய்விடும். 1995-ல் கிளாரன்ஸ் எல்லிஸ் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் விளக்கிய இந்தக் கோளாறுக்கு 'டைனமிக் சேஞ்ச் பக்' என்று பெயர்.

என்ன வழி?

* பழைய கேஸ்களைப் பழைய முறையிலேயே முடிக்க விடலாம். பாதுகாப்பானது. ஆனால், மாதக்கணக்கில் ஓடும் கேஸ் என்றால் இரண்டு முறைகளையும் பராமரிக்க வேண்டும்.
* முதலிலிருந்து தொடங்கலாம். வாடிக்கையாளர் மறுபடியும் அலைய வேண்டியிருக்கும்.
* சோதித்து நகர்த்தலாம். இதுவரை தொடங்கிய, முடிந்த படிகள் புதிய முறைப்படியும் நடந்திருக்க முடியுமா? 'ஆம்' என்றால் மட்டும் மாற்றலாம். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'அடெப்ட்' அமைப்பு இந்த வழியில்தான் இயங்குகிறது.

இந்தச் சோதனையை வைத்தால், மேலே சொன்ன விண்ணப்பம் புதிய முறைக்குப் போகாது. ஸ்கோர் பார்த்த பிறகே ஒப்புதலுக்கு நகரும். அதனால் ரிலீஸுக்கு முந்தைய நாள் டீம் எடுக்க வேண்டிய முதல் பட்டியல், எத்தனை கேஸ்கள் பாதியில், எந்தெந்தப் படியில் நிற்கின்றன என்பதுதான்.