வீடு வாடகைக்கு விடப்படும்... யாருக்கு?

“இனம் இனத்தோடுதான் சேரும்” என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. நம் நகரங்களில் மக்கள் இனவாரியாகப் பிரிந்து வாழ்வதைப் பற்றிப் பேச்செடுத்தால், பலரும் இந்த ஒரு வரியைச் சொல்லி விவாதத்தை முடித்துவிடுகிறார்கள். கம்போங் பாருவில் மலாய்க்காரர்கள், ஜிஞ்சாங்கில் சீனர்கள், செந்தூலில் இந்தியர்கள். எல்லாம் அவரவர் விருப்பப்படி அமைந்தது, இதில் யாரைக் குறை சொல்வது என்கிறார்கள். உண்மையிலேயே இது விருப்பத்தால் மட்டும் அமைந்ததா?

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கம்போங் பாரு, 1900ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலேயர் ஆட்சியில் மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கப்பட்ட விவசாயக் குடியிருப்பு. ஜிஞ்சாங், அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக, 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் ஏறத்தாழ 5 லட்சம் பேர் இத்தகைய கிராமங்களில் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்மவர்கள் திரண்டதற்கு இரயில்வே பட்டறையும் ஊழியர் குடியிருப்புகளும் காரணம். தோட்டத்து லயங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வேலை கொடுத்தவன் காட்டிய இடத்தில் நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்தார்கள். வேலை போனபோது வீடும் போனது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, வெளியேறியவர்களில் பலர் நகரத்துப் புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டார்கள். பின்பு அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கம்போங் மேடான் சுற்றுவட்டாரத்தில் நடந்த கலவரத்தை நம் சமுதாயம் இன்னும் மறக்கவில்லை. அங்கே இரு இனத்து ஏழைகள் பக்கத்துப் பக்கத்தில்தான் வாழ்ந்தார்கள். ஆகவே ஒரே இடத்தில் நெருக்கியடித்து வாழ்வது வேறு, ஒருவரையொருவர் அறிந்து வாழ்வது வேறு என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டும் படித்தவள். இடைநிலைப்பள்ளியில் மலாய், சீனத் தோழிகளோடு ஒரே மேசையில் அமர்ந்து படித்தேன். ஆனால் பள்ளி மணி அடித்ததும் மூன்று பேருந்துகளில் மூன்று தாமான்களுக்குப் பிரிந்து போனோம். பள்ளி காலையில் சேர்த்து வைத்ததைக் குடியிருப்பு மாலையில் பிரித்துவிட்டது. பள்ளியை மட்டும் குறை கூறும் நம் தலைவர்கள் இந்தப் பேருந்துகளைப் பற்றிப் பேசுவதே இல்லை.

பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் விடுதியில் இடம் கிடைக்காததால், நாங்கள் நால்வர் வெளியே வீடு தேடினோம். சில விளம்பரங்களில் “சீனர்களுக்கு மட்டும்” என்றிருந்தது, சிலவற்றில் “முஸ்லிம்களுக்கு மட்டும்”. எதுவும் போடாத ஒரு வீட்டுக்காரரை அழைத்து ஆங்கிலத்தில் பேசினேன். என் பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்றார். அரைமணி நேரம் கழித்து என் சீனத் தோழி அதே எண்ணை அழைத்தாள். எப்போது பார்க்க வருகிறீர்கள் என்று கேட்டார்! “இந்தியர்கள் வாடகை கட்டமாட்டார்கள், குடித்துவிட்டுச் சத்தம் போடுவார்கள், சமைத்தால் வாடை போகாது” என்று காரணம் அடுக்குவோரும் உண்டு. அவர்களில் எவரும் நாங்கள் வாடகை கட்டத் தவறினோமா என்று விசாரித்ததில்லை.

இது சட்டத்திற்குப் புறம்பானது அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமத்துவத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அது அரசாங்கத்தைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அல்ல என்று ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் 2005இல் கூட்டரசு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வீட்டுக்காரர் தனியார். ஆகவே அவர் வைத்ததே சட்டம்.

அண்டை நாடான சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது. 1989 முதல் வீவக குடியிருப்புகளில் இன விகிதாசாரம் நடைமுறையில் உள்ளது. இந்தியருக்கும் பிற இனத்தாருக்கும் உரிய வரம்பு, 2010இல் ஒரு வட்டாரத்திற்கு 12 விழுக்காடாகவும் ஒரு புளோக்கிற்கு 15 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. இதனால் ஒரே இனத்தார் மட்டும் வாழும் புளோக்குகள் உருவாவது தடுக்கப்பட்டது. இருந்தாலும் இதற்கும் ஒரு விலை உண்டு. பெரும்பான்மை இனத்தின் வரம்பு நிறைந்துவிட்ட புளோக்கில் ஓர் இந்தியர் தம் வீட்டை அந்த இனத்தாருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைந்தால் விலையும் குறையும். நம் நாட்டிலும் வீடமைப்புத் திட்டங்களில் பூமிபுத்ரா ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் விகிதாசாரமும் ஒதுக்கீடும் வீடு வாங்குவோரைப் பற்றியவை. வாடகை வீட்டின் கதவு யாருக்குத் திறக்கும், யாருக்குச் சாத்தப்படும் என்பதை அவை தீர்மானிப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். நாம் சிதறிப் போனால் தமிழ் என்னாவது? 1957இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஏறக்குறைய 530. தோட்டம் கலைந்ததால் மாணவர் இல்லாமல் தவிக்கும் பள்ளிகளை நாம் அறிவோம். கோவிலும் மளிகைக் கடையும் தமிழ்ப்பள்ளியும் ஒரே இடத்தில் இருப்பதில் பெரும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. எனக்குத் தமிழ் வாய்த்ததே அப்படிப்பட்ட ஓர் இடத்தில்தான். ஆனால் பள்ளிக்கு அருகில் வாழ வேண்டும் என்று நாமே தேர்ந்து வாழ்வதும், வேறெங்கும் வீடு கிடைக்காததால் அங்கேயே கிடப்பதும் ஒன்றாகுமா? முன்னது சமூகம், பின்னது சிறை. அடுத்தவர் சாத்திய கதவை நம் மொழிக்குக் காவல் என்று பெருமை பேசிக்கொள்வது தமிழுக்கும் பெருமை சேர்க்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் ஆப்பிரிக்க மாணவர்களுக்கும் வீடு கொடுக்க மறுக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். “நம்ம ஆளுங்களே வேண்டாம்” என்று தமிழருக்கே மறுக்கும் தமிழர்களும் இருக்கிறார்கள். நமக்கு நேர்ந்தால் அநீதி, நாம் செய்தால் முன்னெச்சரிக்கையா?

வீட்டு வாடகைக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்ற பேச்சு எழுந்து சில ஆண்டுகளாகின்றன. அச்சட்டத்தில் முன்பணம், ஒப்பந்தம் பற்றிய விதிகள் மட்டும் இருந்தால் போதாது. இனத்தைக் காரணம் காட்டி வீடு மறுக்கக்கூடாது என்ற ஒரு வரியும் இருக்க வேண்டும். வீட்டுக்காரர்களின் அச்சத்தையும் நான் அலட்சியப்படுத்தவில்லை. வாடகை பாக்கி வைப்பவரை விரைவில் வெளியேற்றவும் சேதத்திற்கு ஈடு பெறவும் அவர்களுக்கு எளிய வழி வேண்டும். அது கிடைத்துவிட்டால் தோலின் நிறத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் தேவை இருக்காது.

சட்டம் வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவர்களில் பலர் இன்று சொந்த வீட்டுக்காரர்கள், சிலர் வாடகைக்கும் விடுகிறார்கள். ஆண்டுதோறும் விடுதியில் இடமின்றி வெளியேறும் மாணவர்களும் இங்கே இருக்கிறார்கள். இவ்விருவரையும் இணைக்கும் ஒரு வாடகை வீட்டுப் பட்டியலை நம் கழகமே தொடங்கலாம். அதில் வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, வீட்டு விதிகள் என்னென்ன என்று கேட்போம். என்ன இனம் என்று மட்டும் கேட்காமல் விடுவோம். அந்தப் பட்டியலில் ஒரு சீன மாணவனின் பெயரும் ஒரு மலாய் மாணவியின் பெயரும் இடம்பெறட்டும். பிறரிடம் நாம் கேட்கும் நியாயத்தை முதலில் நாம் கொடுத்துக் காட்டுவோம்!