எலும்புப் பசையும் புரத டப்பாவும்

எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களை நம்பி இன்று பல வியாபாரங்கள் நடக்கின்றன. மூட்டுவலித் தைலம், காந்தப் படுக்கை, செம்புக் குடம் என்று பட்டியல் நீளம். இவற்றில் எனக்கு அதிகக் கோபம் மூட்டுவது புரத டப்பாதான். மற்றவை ஏமாற்று என்று பாதிப் பேருக்காவது தெரியும். இது விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதால் படித்தவர்களே முதலில் விழுகிறார்கள்.

கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். ஐந்து பேர் வீட்டில் இந்த டப்பா இருக்கிறது. அந்த ஐந்தில் மூன்று வீட்டில் "பருப்பு விலை ஏறிப்போச்சு" என்று சாம்பார் தண்ணீராகிவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் 33 வருடம் கணக்கு எழுதியவன் நான். இந்தக் கணக்கு மட்டும் எனக்கு நேராக வரவில்லை.

போட்டுப் பார்ப்போம். நண்பர் ஒருவர் வீட்டு டப்பாவைத் திருப்பிப் படித்தேன். 400 கிராம் மாவு. 100 கிராமுக்கு 32 கிராம் புரதம். ஆக டப்பா முழுவதும் 128 கிராம். விலை 700 ரூபாய். ஒரு கிராம் புரதம் ஐந்தரை ரூபாய்! துவரம்பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டு. கிலோவுக்கு 220 கிராம். கிலோ 160 ரூபாய் என்று வைத்தால் ஒரு கிராம் புரதம் முக்கால் ரூபாய்க்குள் அடங்குகிறது. பருப்பு பாலைப் போல முழுதாகச் செரிக்காது என்று டப்பாக்காரர் சொல்வார். உண்மைதான். அதற்காகக் கால் பங்கைத் தள்ளுபடி செய்துவிட்டே கணக்குப் பார்த்தாலும் டப்பா ஐந்து மடங்குக்கு மேல் விலை. மீதிப் பணம் எதற்கு? சர்க்கரைக்கும், வெனிலா வாசனைக்கும், விளம்பரத்தில் படியேறிக் காட்டும் நரைத்த தலை நடிகருக்கும்.

சரி, இந்தப் புரதம் என்றால் என்ன? எங்கள் பள்ளியில் ரசாயனம் பிரெஞ்சில்தான். நைட்ரஜனுக்கு அங்கே 'அஸோத்' என்று பெயர். லவாய்சியே காலத்தில் வைத்த பெயர். கிரேக்கத்தில் 'உயிரில்லாதது' என்று பொருள். அந்த வாயுவில் எலியை விட்டால் செத்துப்போகும், அதனால் அப்படி. அதே அஸோத் சேராவிட்டால் உடம்பில் தசை இல்லை, ரத்தம் இல்லை, தோல் இல்லை. மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இது கிடையாது, புரதத்தில்தான் உண்டு. நம் விவசாயிகள் நைட்ரஜனைத் தழைச்சத்து என்கிறார்கள். 'உயிரில்லாதது' என்ற பெயரைவிட அது எவ்வளவோ பொருத்தம்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. நாம் தின்பது மீனோ மொச்சையோ, வயிறும் குடலும் அதை அறுத்துத் தனித்தனி மணியாக்கிவிடும். பிறகு உடம்பு தனக்கு வேண்டியபடி மறுபடி கோத்துக்கொள்ளும். மொத்தம் 20 வகை. அவற்றில் 9 வகையை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். லைசின், மெத்தியோனின், டிரிப்டோபேன், லியூசின் என்று அவற்றுக்குப் பெயர்கள். ஆபீசில் ஒரு கோப்பு ஒன்பது மேசையைத் தாண்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு ஒருவர் லீவில் போனால் கோப்பு அங்கேயே கிடக்கும். புரதமும் அப்படித்தான். எது குறைகிறதோ அதன் அளவுக்குத்தான் வேலை நடக்கும்.

இன்னொன்றும் எங்கள் ஆபீஸ் பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். கொழுப்பு சேமநல நிதி மாதிரி, சேர்ந்துகொண்டே போகும். புரதம் வருடாந்திர பட்ஜெட் மாதிரி. மார்ச் 31க்குள் செலவாகாத தொகை 'லாப்ஸ்' ஆவதுபோல, தேவைக்கு மேல் வந்த புரதத்தை உடம்பு சேர்த்து வைக்காது. அஸோத்தைப் பிரித்து யூரியாவாக்கிச் சிறுநீரகம் வழியாக வெளியே தள்ளிவிட்டு, மிச்சத்தை எரித்துவிடும், அல்லது கொழுப்பாக்கிவிடும். ஆகவே அளவுக்கு மேல் பவுடர் குடிப்பவர் ஐந்தரை ரூபாய் கிராமைக் கழிவறையில் ஊற்றுகிறார்.

இப்போது தலைப்பில் உள்ள எலும்புப் பசைக்கு வருகிறேன். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பாரிஸில் ஏழைகள் பெருகிவிட்டார்கள். இறைச்சி வாங்க வழியில்லை. எலும்பை நீராவியில் வேகவைத்து ஜெலட்டினை எடுத்தால் அதுவே இறைச்சிக்கு ஈடு என்று தார்ஸே என்ற ரசாயன நிபுணர் கிளம்பினார். பெரிய மனிதர்கள் ஆமோதித்தார்கள். மருத்துவமனைகளில் கொதிகலன் வைத்து நோயாளிகளுக்கு எலும்புப் பசைக் கஞ்சி ஊற்றினார்கள். தர்மமும் ஆயிற்று, செலவும் மிச்சம்! குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் விஞ்ஞான அக்காதெமி ஒரு குழு போட்டது. அதன் தலைவர் மஜாந்தி. 1816லேயே நாய்களுக்கு வெறும் சர்க்கரையும், வெறும் எண்ணெயும் கொடுத்து, அவை வயிறு நிறைந்தும் செத்ததைக் காட்டியவர். குழு ஆண்டுக்கணக்கில் சோதனை செய்து 1841ல் அறிக்கை கொடுத்தது. ஜெலட்டினை மட்டும் தின்று நாய் பிழைக்காது என்பதுதான் அதன் சாரம்.

ஏன் பிழைக்காது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. டிரிப்டோபேனைக் கண்டுபிடிக்கவே 1901 ஆயிற்று. இங்கிலாந்தில் ஹாப்கின்ஸ் என்பவர் பிரித்தெடுத்தார். ஜெலட்டினில் அந்த டிரிப்டோபேன் சுத்தமாகக் கிடையாது. ஒன்பதாவது கையெழுத்து இல்லாத கோப்பு!

இந்தக் கதையை ஏன் இழுத்தேன் என்றால், அதே எலும்பு, தோல் பசைதான் இன்று 'கொலாஜென்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் விலை போகிறது. இன்னும் நொறுக்கிப் பொடியாக்கி, தண்ணீரில் கரையும்படி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். டிரிப்டோபேன் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. பாரிஸ் ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தே வேண்டாம் என்றார்கள். நம் ஊர் வசதிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள். அதில் எத்தனை கிராம் புரதம் என்று டப்பாவில் போட்டிருப்பது பொய்யில்லை. அது தனியாக நின்று உடம்பைக் கட்டாது என்பதை மட்டும் போடுவதில்லை.

டப்பாவில் போட்ட எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வழக்கமான பரிசோதனையில் நேராகப் புரதத்தை அளப்பதில்லை. அஸோத்தை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். 2008ல் சீனாவில் பாலில் தண்ணீர் கலந்துவிட்டு, அஸோத் குறையாமல் காட்ட மெலமின் என்ற பிளாஸ்டிக் தொழில் ரசாயனத்தைக் கலந்தார்கள். லட்சக்கணக்கான கைக்குழந்தைகள் சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்டன, சில இறந்தும் போயின. பவுடரில் மலிவான கிளைசினைக் கலந்து எண்ணை ஏற்றுவது இந்த வியாபாரத்தில் தெரிந்த தந்திரம். துவரம்பருப்பில் யார் என்ன ஏற்ற முடியும்?

"பருப்பு முழுமையான புரதம் இல்லையாமே?" என்று டாக்டருக்குப் படிக்கும் பேத்தி உள்ளவர்கள்கூடக் கேட்கிறார்கள். தனியாகப் பார்த்தால் இல்லைதான். பருப்பில் மெத்தியோனின் குறைவு, லைசின் தாராளம். அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்தால் குறை தீர்ந்தது. இட்லி மாவில் உளுந்தைச் சேர்த்த பாட்டிக்கு அமினோ அமிலம் தெரியாது, நாக்கு தெரியும். இரண்டும் ஒரே கவளத்தில் போக வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். அமெரிக்காவில் பிரான்சஸ் மூர் லாப்பே என்ற அம்மையார் 1971ல் ஒரு புத்தகத்தில் சேர்த்துத்தான் சாப்பிட வேண்டும் என்று வலியுறுத்தினார்; பத்து வருடத்தில் அவரே அதைத் திருத்தி எழுதினார். ஒரு நாளுக்குள் பல வகை வந்துவிட்டால் உடம்பு பார்த்துக்கொள்ளும். முட்டை, மீன், பால் ஆகியவற்றில் ஒன்பதும் ஒருசேர இருப்பதால் அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை.

டப்பாக்காரரை இப்படித் திட்டினால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் கைதட்டுகிறார்கள். "எங்க தாத்தா பழைய சோறும் வெங்காயமும் சாப்பிட்டு 90 வயசு இருந்தார்" என்பவர்கள். ஐயா, உங்கள் தாத்தாவுடன் பிறந்து சின்ன வயதிலேயே போன நாலைந்து பேர் வயதை யார் எண்ணினார்கள்? அது போகட்டும். வயலில் நாள் முழுக்க உழைத்தவர் ஒரு நாளைக்கு 600 கிராம் அரிசி சாப்பிடுவார். அரிசியில் 100 கிராமுக்கு ஏழெட்டு கிராம் புரதம் உண்டு. சோற்றிலிருந்தே 45 கிராம் வந்துவிடும்; கூடக் கருவாடும் மொச்சையும் இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து சர்க்கரை வியாதிக்குப் பயந்து 150 கிராம் அரிசி சாப்பிடும் பேரனுக்கு அதில் வருவது 11 கிராம். தாத்தாவின் தட்டைப் பார்க்காமல் தாத்தாவின் பெருமையை மட்டும் சாப்பிட முடியாது.

பவுடரால் பசியைத் தீர்க்கலாம் என்ற எண்ணம் உலக அளவிலும் ஒரு முறை வந்து போனது. 1950களிலும் 60களிலும் ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதப் பஞ்சம் என்று ஐ.நா. சபை வரை பேசினார்கள். மீன் பொடி தயாரித்தார்கள். பிரான்ஸில் லாவேரா என்ற இடத்தில் பெட்ரோலிய மெழுகில் ஈஸ்ட் வளர்த்துப் புரதம் எடுத்தார்கள்! சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, நம் குழந்தைகளுக்குக் குறைவது முதலில் மொத்தச் சாப்பாடே என்று சொன்னார். வயிறு நிறையாத உடம்பு, வருகிற புரதத்தையும் விறகாக எரித்துவிடும். 1974ல் மெக்லாரன் என்ற டாக்டர் லான்செட் பத்திரிகையில் இந்தப் புரத முயற்சி முழுவதையும் படுதோல்வி என்றே எழுதினார். தமிழ்நாட்டில் 1982ல் சத்துணவுத் திட்டம் விரிந்ததும், 1989ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி அது வளர்ந்ததும்தான் பிள்ளைகளின் உடம்புக்கு உதவிய வழி. அந்த முட்டையை ஒழிக்கப் பார்க்கிறவர்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுதுவேன். இன்று ரத்த அழுத்தம் தாங்காது.

நம் வீடுகளில் புரதம் உண்மையிலேயே குறைவது யாருக்கு? டப்பா வாங்கும் ஆண்களுக்கு அல்ல. கடைசியில் சாப்பிடும் பெண்களுக்கு. மீன் துண்டு எல்லோருக்கும் வைத்த பிறகு குழம்பு மட்டும் ஊற்றிக்கொள்கிறவர்கள் அவர்கள். ரசமும் ஊறுகாயும் போதும் என்று எழுந்துவிடுகிற எழுபது வயது அம்மாவுக்குத் தொடை ஏன் மெலிகிறது, கழிவறையில் ஏன் தடுக்கி விழுகிறார் என்று பிறகு ஆர்த்தோ டாக்டரிடம் கேட்கிறோம்.

எவ்வளவு வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் கொடுத்த அளவு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். வயதானவர்கள் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை சாப்பிடுவது தசைக்கு நல்லது என்று பல நிபுணர்கள் சொல்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். என் கணக்கு இது: நாலு இட்லியில் 8, மதியச் சோற்றில் 11, நாற்பது கிராம் பருப்பில் 9, பாலும் தயிருமாக 300 மில்லியில் 9, ஒரு முட்டையில் 6, ஒரு கை சுண்டலில் 6, ராத்திரி தோசையில் 6. கூட்டினால் 55. ஒரு துண்டு சங்கரா மீன் சேர்ந்த நாளில் 65ஐத் தாண்டும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் மதியமே அடைக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது வயதான தசைக்கு உகந்தது. கூடவே நடையும், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும் வேண்டும். வேலை கொடுக்காத தசைக்கு எத்தனை டப்பா ஊற்றினாலும் ஒட்டாது.

அறுவை முடிந்து படுத்திருப்பவர், மெல்ல முடியாதவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு டாக்டர் சொன்னால் பவுடர் கொடுக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு அது மருந்து. ஆனால் நம் வயதில் பலருக்குச் சர்க்கரை வியாதியால் சிறுநீரகம் சத்தமில்லாமல் பழுதாகியிருக்கும். அவர்களுக்குக் கூடுதல் புரதம் கெடுதல். கிரியாட்டினின் பரிசோதனை செய்யாமல் மருந்துக்கடைப் பையன் பேச்சைக் கேட்டு டப்பா வாங்காதீர்கள். அதே ஆராய்ச்சிக் கழகம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

"பருப்பு, சுண்டல் எல்லாம் வாயு" என்று எழுதப்போகிறவர்களுக்கு இப்போதே பதில். கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் குழைய வேகவைத்து, இஞ்சியும் பெருங்காயமும் தட்டிப் போடுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் பாசிப்பருப்பு. முதல் வாரம் இரண்டு ஸ்பூன், அடுத்த வாரம் ஒரு கை. குடல் பழகிக்கொள்ளும்.