மண்வெட்டி பிடிச்ச கையும் கீபோர்டும்

பையன் சென்னைக்குப் போனப்ப விட்டுட்டுப் போன கீபோர்டுங்க. யூட்யூப் பார்த்து பீட்டில்ஸோட 'லெட் இட் பி' பழகறேன், 1970-ல வந்த பாட்டு. கலர் பட்டை மேலிருந்து விழுகிற வீடியோவுல ரெண்டு மாசம் வீணாப்போச்சு. எந்தக் கட்டையை அமுக்கறதுன்னு காட்டுது, ஏன்னு சொல்றதில்லை. அப்பறம் சி, ஜி, ஏ மைனர், எஃப்னு நாலு கார்டைத் தனியா பழகினேன். பாடற இடம் கிட்டத்தட்ட முழுக்க அதுலயே அடங்கிருது, அத்தனையும் வெள்ளைக் கட்டை. பழகறவங்களுக்கு இதைத்தான் முதல்ல சொல்லிக்குடுக்கணும்.

"இந்த வயசுல இங்கிலீசுப் பாட்டா?"ன்னு சிரிக்கறாங்க. 1908-ல கே.பி.சுந்தராம்பாள் பிறந்த ஊருங்க இது. கொடுமுடிக்காரனுக்குப் பாட்டு எதுக்குன்னா எப்படி?

ஆனா ஒண்ணு, வீடியோவுக்குக் காது இல்லை. மண்வெட்டி பிடிச்சு விறைச்ச மோதிர விரல் பிந்தி விழுகறதை அது சொல்லாது. நேத்து சம்சாரம்தான் அடுப்படியில இருந்து சொன்னா: "ஏனுங், மறுபடியும் அதே எடத்துல தடுமாறறீங்க."