உடம்பு நம்முடையது, கட்டுரையில் பெயர் யாருடையது?

அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். சில நாட்களில் கையில் தாள்கட்டுடன் ஒருவர் வருவார். "ஏம்மா, இதுல ஒரு கைநாட்டு வை, ஆராய்ச்சிக்குத்தான்" என்பார். எதற்கு என்று திருப்பிக் கேட்டால் மருந்து கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். வைத்துவிடுவோம். ரத்தம் எடுப்பார்கள். எத்தனை பிள்ளை, எத்தனை கலைந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அதில் என்ன தெரியவந்தது என்று பிறகு யாரும் நம் தெருவுக்கு வந்து சொன்னதில்லை.

அந்தத் தாள் ஆய்வுக் கட்டுரையாகி மருத்துவ இதழில் வெளியாகிறது. அப்படிப்பட்ட கட்டுரைகளை வைத்துத்தான் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை, அரசு எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிறது. ஆகவே கட்டுரையை யார் எழுதுகிறார்கள் என்பது படித்தவர்களின் கௌரவப் பிரச்சினை மட்டும் அல்ல. நம் உயிர்ப் பிரச்சினையும்கூட.

உலகம் பெரிதாக மதிக்கும் மருத்துவ இதழ்கள் எங்கிருந்து வருகின்றன? லான்செட்டும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலும் லண்டனிலிருந்து. நியூ இங்கிலாந்து ஜர்னலும் ஜாமாவும் அமெரிக்காவிலிருந்து. எது முக்கியமான கேள்வி என்பதை அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். அந்த நாடுகளிலும் பெண்களின் நிலை சமமாக இல்லை. ஆறு முன்னணி மருத்துவ இதழ்களை ஆராய்ந்து 2016-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, முதல் ஆசிரியராகப் பெண் பெயர் இருந்த கட்டுரைகள் 1994-ல் 27 சதவீதம், 2014-ல் 37 சதவீதம் என்று சொன்னது. இருபது ஆண்டுகளில் பத்து சதவீதப் புள்ளிதான் ஏறியிருக்கிறது.

பணமும் ஒரு வாசற்கதவு. ஒரு கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட, நேச்சர் இதழ் 2021-ல் நிர்ணயித்த கட்டணம் 9,500 யூரோ. நம் பணத்தில் எட்டு லட்சத்துக்கு மேல். மற்ற இதழ்களில் குறைவாக இருக்கலாம். ஆனாலும் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் ஒரு உதவிப் பேராசிரியர் கைக்காசிலிருந்து கட்டக்கூடிய தொகை அல்ல. மிக ஏழை நாடுகளுக்குக் கட்டண விலக்கு உண்டு. இந்தியா பெரிய பொருளாதாரம் என்பதால் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வருவதில்லை. நாடு பெரியது; நம் காலனி சிறியது. அந்த வித்தியாசம் பட்டியல் போடுகிறவர்களுக்குத் தெரியாது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுக்குட்பட்ட பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறித்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெறும் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். முடிவு 2007-ல் லான்செட்டில் வந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்படும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. பெரிய இயந்திரம் இல்லாமல் செவிலியரின் கையாலேயே உயிரைக் காப்பாற்றலாம் என்று உலகத்துக்குச் சொன்னது திண்டுக்கல் பெண்களின் உடம்பு. இதை நாம் பெருமையாகவே சொல்கிறோம். உள்ளூர் மருத்துவர்களுக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் இன்னொரு குழு இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அந்தப் பெண்களுக்கு இந்தச் சோதனை அளிக்கப்படவில்லை. மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வுகளையும் சேர்த்து, சோதிக்கப்படாத குழுக்களில் 254 பெண்கள் அந்த நோயால் இறந்ததாக 2014-ல் இந்திய மருத்துவ அறநெறி இதழில் கண்டனக் கட்டுரை வந்தது. அன்றைக்கு நாட்டில் வழக்கமாகக் கிடைத்த சிகிச்சையே அதுதான் என்று ஆய்வாளர்கள் தரப்பு விளக்கியது. அந்த வாதத்தின் முடிவை நாம் இங்கே எழுத வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறோம். அப்படி ஒரு குழு வேண்டுமா என்று திட்டம் போட்ட மேசையில், அந்தக் கிராமத்துப் பெண்களில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

"நோய்க்குச் சாதி உண்டா?" என்று நம்மிடம் கேட்பார்கள். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது, உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டு குறைவு என்கிறது அது. மலக்குழிக்குள் இறங்குகிறவரின் நுரையீரல், தோல் ஷாப்பில் ரசாயனத் தண்ணீரில் நிற்கிறவரின் கால், நாற்று நடுகிறவளின் இடுப்பு என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. அந்த வீட்டில் பிறந்து மருத்துவரானவருக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் தோன்றும்.

அந்த மருத்துவர்கள் வந்துவிட்டார்கள். இடஒதுக்கீட்டினால் நம் பெண் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டுவிட்டார்கள். அதற்கு மேலே உள்ள படிதான் வழுக்குகிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு 2022-ல் டெல்லி எய்ம்ஸ் பற்றி அறிக்கை தந்தது. 1,111 ஆசிரியர் பணியிடங்களில் 275 உதவிப் பேராசிரியர் இடங்களும் 92 பேராசிரியர் இடங்களும் காலி. தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்ற சமாதானத்தைக் குழு ஏற்கவில்லை. பேராசிரியர் நாற்காலி காலியாக இருந்தால் ஆய்வுப் பணமும் வராது, கட்டுரையில் பெயரும் வராது. பெயர் இல்லை என்று காட்டியே அடுத்த பதவி உயர்வும் மறுக்கப்படும்.

ஒன்றிய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். சுமார் 13,000 இதழ்களை அரசு நிறுவனங்களில் உள்ளவர்கள் படிக்கலாம். நல்லதுதான். படிக்க வழி செய்தவர்கள் எழுதவும் வழி செய்ய வேண்டும்.

நாம் கேட்பது இவைதான். அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்குத் தலைமை ஏற்பவர்கள் யார் என்று பாலினம், சமூகம், மாவட்டம் வாரியாக ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளில் உள்ள தலித், பழங்குடிப் பெண் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தனி ஆய்வு நிதி வேண்டும். பிரசுரக் கட்டணமும் அதற்குள் அடங்க வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக நடந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் குறித்து வரும் பெண் தன்னார்வலர்களின் உழைப்பில் கட்டுரை எழுந்தால், அதில் அவர்கள் பெயரும் வர வேண்டும். நெறிமுறைக் குழுவில் பேருக்கு ஓர் ஆளாக இல்லாமல், காலனியிலிருந்து ஒரு பெண் உட்கார வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவைத் தமிழில் எழுதி, ரத்தம் கொடுத்த ஊரின் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

அதுவரை கைநாட்டு கேட்டு வருகிறவரிடம் நம் பெண்கள் மூன்று கேள்வி கேட்கட்டும்: இது எதற்கு? இதை எழுதப்போவது யார்? முடிவை எங்களிடம் எப்போது வந்து சொல்வீர்கள்? கேட்பதால் மருந்தை நிறுத்த எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆய்வில் சேர மறுத்தாலும் சிகிச்சை தந்தாக வேண்டும். அது நம் உரிமை.