சும்மா வாசிப்பது அத்தனை சும்மா இல்லை

"பியானோ கத்துக்கிறியா? எந்த கிரேடு?"

நம்ம ஊரில் பியானோ கற்கும் மாணவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். "கிரேடெல்லாம் இல்லை, சும்மா ஒரு பீஸ் கத்துக்கிட்டிருக்கேன்" என்று பதில் வந்தால் கேட்டவரின் முகம் கொஞ்சம் மாறும். சும்மாவா? அப்புறம் எதுக்கு?

இந்த "சும்மா" என்ற சொல்லுக்குத் தமிழில் எத்தனையோ அர்த்தம். காரணமில்லாமல், காசில்லாமல், வேலையில்லாமல், விளையாட்டாக... இத்தனையும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், பரீட்சைக்கில்லாமல் வாசிப்பவர் ஏனோதானோவென்று வாசிப்பவர் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஸெஸ் கான்ஃப்ரி என்ற அமெரிக்கர் 1921-ல் வெளியிட்ட பியானோ பீஸ் "கிட்டன் ஆன் தி கீஸ்". பாட்டி வீட்டு பியானோவின் மேல் பூனை நடந்த சத்தத்திலிருந்து பிறந்தது என்று சொல்வார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆழ்ந்த சோகமோ பெரிய தத்துவமோ அதில் கிடையாது. ஜாஸ் வாசனை அடிக்கும் லேசான இசை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் வாசிக்க உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் வரும்!

காரணம் தாளம். இடது கை அடியில் ஒரு ஸ்வரம், மேலே ஒரு கார்டு என்று தாவித் தாவி இரண்டு இரண்டாக நடக்கிறது. வலது கையோ மூன்று மூன்றாக ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் மூன்றின் தொடக்கம் வேறொரு இடத்தில் போய் விழுகிறது. மிருதங்கம் கற்றவர்களுக்கு இது புதிதில்லை. ஆதி தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு வாயில் "தகிட தகிட தக" என்று சொல்லிப் பாருங்கள். 3+3+2, மொத்தம் 8. கை நேராகப் போகும், வாய் சறுக்கிச் சறுக்கிப் போய்க் கடைசியில் வந்து சேரும். அந்தச் சறுக்கலும் சேர்தலும்தான் இந்த மாதிரி இசையின் ருசி. அதை ஒரே ஆள் இரண்டு கையில் செய்ய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை அந்தக் காலத்தில் மேடைக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கவில்லை. வீட்டில் பியானோ வைத்திருந்த சாதாரண ஜனங்கள் நோட்டு வாங்கி மல்லுக்கட்டினார்கள். அவர்களுக்காகவே கான்ஃப்ரி 1923-ல் பாடப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் பில்லி மேயர்ல் 1926-ல் ஒரு பள்ளியே ஆரம்பித்து, தபால் வழியாகவும் இந்தப் பாணியைச் சொல்லிக்கொடுத்தார். பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி இந்தப் பாடங்களைப் பிரித்து வைத்து உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் மேடை ஏறியிருப்பார்கள்? விரல் பிடிபட்ட அன்றைய சந்தோஷமே அவர்களுக்குப் போதும்.

நம்மிடம் குறைவது இந்த மனசுதான். எட்டு கிரேடு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு பீஸ், வருடம் முழுக்க அவற்றையே தேய்ப்பது, சான்றிதழ் வந்ததும் மூடி வைப்பது. எட்டாவது கிரேடு முடித்தவரிடம் "உங்களுக்குப் பிடித்ததை ஒன்று வாசியுங்கள்" என்றால் முழிப்பதைப் பார்க்கலாம். இன்னொரு பக்கம் வேகம். 2019-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் "தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்" போட்டியில் சென்னையின் லிடியன் நாதஸ்வரம் நிமிடத்துக்கு 325 தட்டு வேகத்தில் வாசித்து உலகத்தையே வாயடைக்க வைத்தார், பத்து லட்சம் டாலர் பரிசும் வென்றார். பெருமைதான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "நம்ம பிள்ளை எவ்வளவு வேகமா வாசிக்குது?" என்று அளக்க ஆரம்பித்தால் சான்றிதழ் போய் ஸ்டாப்வாட்ச் வந்தது என்றுதான் அர்த்தம்.

சரி, பரீட்சைக்கு ஒரு நன்மையும் இல்லையா? உண்டு. அது தேதி குறிக்கிறது. தேதி இல்லாவிட்டால் நம்மில் பலர் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவோம், இது நியாயமான பேச்சு. அதனால்தான் சும்மா கற்பவருக்குக் கட்டுப்பாடு அதிகம் வேண்டும். நாளைக்கு நான்கே நான்கு பார். இரண்டு கையும் தனித்தனியாக. மெட்ரோனோமை 60-ல் வைத்து, தப்பில்லாமல் வந்த பிறகே 64. அலுப்பாகத்தான் இருக்கும். அலுப்பு தாண்டியபின் ஒரு நாள் கை தானாக ஓடும்.

இது பியானோவுக்கு மட்டுமான விதியில்லை. பழவேற்காடு ஏரியில் பசியாவரம் மாதிரி மீனவ ஊர்ப் பையன்கள் வீச்சு வலை வீசப் பழகுவதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதலில் வலை மூட்டையாகப் போய் விழும். எப்படி வட்டமாக விரிப்பது என்று வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. தோளும் மணிக்கட்டும் தாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். எழுதிக் காட்டும் பரீட்சை அதற்குக் கிடையாது. வலை விரிந்ததா இல்லையா என்பது வீசியவனுக்கே தெரியும். அவனுக்கு அது நாளைய பிழைப்பு, பியானோக்காரருக்கு விளையாட்டு. ஆனால் இரண்டு பேருடைய கையும் கற்கும் விதம் ஒன்றுதான்.

அதே ஊரில் ஒரு பெண்ணுக்கு இந்த பீஸ் மேல் ஆசை வந்தால்? பக்கத்தில் பியானோ ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம், கையில் இருப்பது 61 கட்டை கீபோர்டாக இருக்கலாம். பியானோவின் 88-ல் 27 கட்டை குறைவு. சில ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி தள்ளி வாசிக்க வேண்டிவரும். கிரேடு பரீட்சையின் கண்ணில் அது குறை. சும்மா வாசிப்பவருக்கு அது ஒரு தடையே இல்லை. மார்க் போட ஆள் இல்லாத இடத்தில் மார்க் குறையவும் வழியில்லையே!

இசை வேலைக்காகவும் கற்கலாம், பரீட்சைக்காகவும் கற்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படிப்பு, மார்க், வேலை என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கும் வயதில், யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாத கஷ்டம் ஒன்றாவது ஒருவருக்கு இருக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை யாராவது "சும்மா வாசிக்கிறேன்" என்றால், "எதுக்கு?" என்று கேட்காமல், "எந்த பீஸ்? எத்தனாவது பார் வரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும், பொறுமை தேவை :)