திண்ணை தானாக மெழுகிக்கொள்வதில்லை

தொல்காப்பியத்தின் வினையியலில் ஒரு நூற்பா உண்டு. செயப்படுபொருளையே அந்தச் செயலைச் செய்தது போலச் சொல்வதும் வழக்கில் உள்ளதுதான் என்று அது இலக்கணம் வகுக்கிறது. இதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்களை முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். திண்ணை மெழுகியதாம், பாத்திரம் கழுவியதாம். திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொள்ளாது என்பது உரை எழுதியவர்களுக்கும் தெரியும். ஆனால் மெழுகியவள் யார், கழுவியவள் யார் என்று அந்த வாக்கியங்களில் தேடினால் அவள் அகப்படமாட்டாள். செய்தவரைச் சொல்லாமல் விட்டாலும் குறையாகத் தோன்றாத வேலைக்கு உதாரணம் தேடியவர்களின் கைக்கு முதலில் எட்டியது வீட்டுப் பெண்ணின் வேலை.

இந்த இலக்கணம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஒரு கோடைக்காலத்துப் பங்கு மடலை எடுத்துப் படியுங்கள். நான் பிறந்து வளர்ந்த பங்கு மயிலாப்பூர்ப் பக்கம் இருக்கிறது. எது என்பது இங்கே தேவையில்லை. அதன் மே மாத மடலில் வருகிற வாக்கியங்கள் இப்படி இருக்கும்: மாதா வணக்க மாதச் செபமாலை அன்பியங்களில் சிறப்பாக நடைபெற்றது. விடுமுறை விவிலியப் பள்ளி இனிதே நிறைவுற்றது. புதுநன்மை விழாவில் சிற்றுண்டி வழங்கப்பட்டது. நீர்மோர்ப் பந்தல் அமைக்கப்பட்டது. கோயில் வளாகம் தூய்மை செய்யப்பட்டது.

நடைபெற்றது, நிறைவுற்றது, வழங்கப்பட்டது. கத்திரி வெயிலில் பத்து நாள் நூறு பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்தது யார்? இரவெல்லாம் மோர் கடைந்து, காலையில் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டது யார்? புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு மந்திரங்கள் மனப்பாடம் ஆகும்வரை மாலை வகுப்பு எடுத்தது யார்? மடலின் கடைசிப் பத்தியில் நன்றி வரும். பங்குத்தந்தைக்கு நன்றி, பங்குப்பேரவைத் துணைத் தலைவருக்கு நன்றி, நிதிக்குழுவினருக்கு நன்றி, ஒலிபெருக்கி தந்தவருக்கு நன்றி, பந்தல் உபயதாரருக்கு நன்றி. எல்லோரும் பெயரோடு வருவார்கள். அதன் பிறகு, ‘மற்றும் உதவிய மகளிர் அனைவருக்கும்.’

அந்த ‘மற்றும்’தான் இந்தக் கட்டுரைக்குப் பொருள்.

என் அம்மா முப்பது ஆண்டுகள் பீடத்துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுத் துணிகளுக்குக்கூட அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை. அவர் இறந்தபோது கோயிலில் வாசிக்கப்பட்ட இரங்கல் குறிப்பில் அவர் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய். துணியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த முப்பது ஆண்டும் பீடத்துணி தன்னைத்தானே துவைத்துக்கொண்டது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: ‘சேவைக்கு எதற்குப் பெயர்? கடவுளுக்குச் செய்ததைச் சொல்லிக்காட்டலாமா?’ நல்ல போதனைதான். அதைக் கேட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தால், சுழலாமல் நிற்கும் மின்விசிறியின் இறக்கைகளில் உபயம் தந்தவரின் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. குழல்விளக்கில் இருக்கிறது. பெஞ்சின் முதுகில் இருக்கிறது. நுழைவாயில் பளிங்குக் கல்லில் குடும்பத்தோடு இருக்கிறது. பணம் கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டலாம். உடலால் உழைத்தவள் பெயரைத் தாளில் அச்சடித்தால் மட்டும் பக்தி கெட்டுவிடுமா?

இரண்டாவது பதில் இன்னும் சாமர்த்தியமானது. ‘பெண்கள் விரும்பித்தானே வருகிறார்கள், யார் கட்டாயப்படுத்தினார்கள்?’ விரும்பித்தான் வருகிறார்கள். அந்த விருப்பத்தை நான் கேலி செய்யமாட்டேன். மாமியாரிடமும் கணவரிடமும் காரணம் சொல்லாமல் மாலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டு வெளியே வர எத்தனையோ பெண்களுக்குக் கோயில் ஒன்றுதான் வழி. அன்பியக் கூட்டத்தில்தான் முதன்முதலாகப் பத்துப் பேர் முன்னால் வாய் திறந்து பேசிய பெண்களை எனக்குத் தெரியும். வாசகம் வாசிக்க மேடை ஏறியதால் எழுத்துக்கூட்டிப் படிப்பதை விட்டு நிறுத்திப் படிக்கக் கற்றவர்கள் இருக்கிறார்கள். மரியாயின் சேனையில் வீடு சந்திக்கப் போய், அடிபட்டு மூலையில் கிடந்த பெண்ணுக்குத் துணையாகக் காவல் நிலையம்வரை போனவர்களும் இருக்கிறார்கள். விருப்பம் உண்மையானது. உண்மையான அந்த விருப்பத்தைத்தான் சம்பளமும் வாக்கும் பெயரும் இல்லாத வேலையாக மாற்றி வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பதில்: ‘திருச்சபைச் சட்டம் அப்படி, நாங்கள் என்ன செய்ய?’ இங்கேதான் பெண்கள் சட்டத்தை எடுத்துப் படிக்க வேண்டும்.

1983இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1024ஆம் பிரிவு, திருமுழுக்குப் பெற்ற ஆணுக்கு மட்டுமே குருத்துவம் என்கிறது. அது எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் அது எழுதி வைத்த தடை. 537ஆம் பிரிவு, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்கிறது. அதில் பெண் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. பங்குப்பேரவையைப் பற்றிய 536ஆம் பிரிவிலும் அப்படியொரு தடை இல்லை. பேரவைக்கு ஆலோசனை வாக்குதான், முடிவு பங்குத்தந்தையுடையது என்பது உண்மை. அந்த ஆலோசனை நாற்காலிகளில்கூடப் பெண்ணை ஓரத்தில் உட்காரவைப்பது ரோமின் சட்டமல்ல, நம்மூர் ஆண்களின் பழக்கம்.

ரோம் மெதுவாகத்தான் நகர்கிறது, ஆனாலும் நகர்ந்திருக்கிறது. 1994 மார்ச்சில் பெண்பிள்ளைகளும் பீடப்பணி செய்யலாம் என்று அனுமதி வந்தது. அதே ஆண்டு மே மாதம், பெண்களுக்குக் குருத்துவம் கிடையவே கிடையாது என்று இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். ஒரு கையால் திறந்து மறு கையால் சாத்தினார்கள். 2016 ஜனவரியில், பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்றார்கள். அதே ஆண்டு மகதலா மரியாவின் நினைவு நாளான ஜூலை 22, திருத்தூதர்களின் நாள்களுக்கு நிகரான விழாவாக உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரியில் வாசகர், பீடத்துணைவர் பணிகள் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிடப்பட்டன. 2023 அக்டோபரில் ரோமில் நடந்த ஆயர் மாமன்றத்தில் முதன்முறையாக 54 பெண்கள் வாக்களித்தார்கள். இந்திய ஆயர் பேரவையே 2010இல் பாலினக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

ரோமில் பெண் வாக்களித்துவிட்டாள். மயிலாப்பூரில் விழாக் கமிட்டியில் எந்தப் பந்தல்காரரைக் கூப்பிடுவது என்பதில்கூட அவள் கையை யாரும் எண்ணுவதில்லை. ஒருமுறை பங்குக் கூட்டத்தில் விழா வரவுசெலவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். ‘மேடம், நீங்க விழா மலருக்கு ஒரு கவிதை குடுங்க, கணக்கெல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்றார் ஒரு பெரியவர். அவர் கெட்டவரல்ல. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். கவிதை பெண்ணுக்கு, கணக்கு ஆணுக்கு என்ற பங்கீடு அவர்களுக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது.

கணக்குப் பார்க்கப் பெண்ணுக்குத் தெரியாதா? 1947 ஆகஸ்டு 15 அன்று சாந்தோமில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியைத் தொடங்கியவர்கள் கன்னியர்கள். பிறகு கதீட்ரல் சாலையில் அதை நிலைநிறுத்தித் தலைமுறை தலைமுறையாக நடத்திக்காட்டினார்கள். இந்த நகரத்தில் கன்னியர்கள் பள்ளி நடத்துகிறார்கள், மருத்துவமனை நடத்துகிறார்கள், விடுதி நடத்துகிறார்கள், தணிக்கையாளருக்குப் பதில் சொல்கிறார்கள். ஞாயிறு உண்டியலை எண்ண மட்டும் ஆண் கை வேண்டும்.

அதே 1947இல், செப்டம்பர் 27 அன்று, அதே கதீட்ரல் சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1976இல் அது பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா பேராயர் ஆனார். வானம் இடிந்து விழவில்லை. அங்கும் பெண்கள் சண்டை போட்டுத்தான் ஒவ்வொரு படியும் ஏறுகிறார்கள் என்பதை அறிவேன். ஆனால் ‘நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது’ என்ற பேச்சுக்கு இனி இடமில்லை. அந்தப் பண்பாடும் இந்தச் சாலையில்தான் இருக்கிறது.

இது கிறித்தவர்களின் வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கும் வாசகிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவில் மாடவீதியைச் சுற்றிவரும் அறுபத்துமூவரில் பெண்கள் மூவர். 2023 செப்டம்பரில் தமிழகத்தில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அது நாடே பேசும் செய்தியானது. கோலம் போடுவதும் பூக்கட்டுவதும் விளக்குத் துலக்குவதும் எந்தக் காலத்திலும் செய்தியானதில்லை. சாமி மாறுகிறது, இலக்கணம் மாறவில்லை.

பெசன்ட் நகருக்கு வாருங்கள். ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்கு, வெயில் தணியாத தாரில், காவிப் புடவை கட்டிய பெண்கள் நடந்து வருகிறார்கள். இடுப்பில் குழந்தை, கையில் மாதாவுக்குச் சாத்தப் புடவை. செப்டம்பர் 8 வரை கோயில் கொண்டாடுவது ஒரு பெண்ணை. அவளைப் பற்றி மறையுரை ஆற்றுவது மட்டும் ஆண். தாழ்ச்சி, பொறுமை, ‘ஆகட்டும்’ என்ற பணிவு என்று ஆண்டுதோறும் அதே மாதாவைக் காட்டுகிறார்கள். அதே லூக்கா நற்செய்தியில், வலியோரை இருக்கையிலிருந்து இறக்குவதைப் பாடிய பெண்ணும் அவள்தான். அந்தப் பாட்டை விளக்கி ஒரு மறையுரையை நான் இன்னும் கேட்கவில்லை.

பெண்களுக்குள்ளும் ‘மற்றும்’ உண்டு என்பதை மறைக்க வேண்டாம். 2023 ஏப்ரலில், நீதிமன்ற உத்தரவைக் காட்டி, லூப் சாலை ஓரத்து மீன்கடைகளை மாநகராட்சி அகற்றியது. நொச்சிக்குப்பத்து மீனவர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். கூடையை இழந்து நின்றவர்களில் பெண்கள் எத்தனையோ பேர். எங்கள் பங்குக்கு அந்தக் கடற்கரை கூப்பிடு தூரம். அந்தக் கோடை மடலில் முகாம் வந்தது, சுற்றுலா வந்தது, வெள்ளிவிழாத் தம்பதியர் படம் வந்தது. மீன் விற்கும் அக்காக்கள் வரவில்லை. கோயிலைக் கூட்டுகிற அம்மாவும் வருவதில்லை. அவருடையது சேவைகூட இல்லை, கூலி வேலை. கேட்க ஆளில்லாத கூலி. சாதியும் வர்க்கமும் யாரை முன்வரிசைப் பெஞ்சில் வைக்கின்றன, யாரை வாசலில் நிறுத்துகின்றன என்பதைப் பேசாமல் முன்வரிசைப் பெண்களுக்கு மட்டும் நாற்காலி கேட்டால், நாமும் இன்னொரு நன்றிப் பட்டியலைத்தான் எழுதுவோம்.

ஆகவே கேட்பதைத் தெளிவாகக் கேட்போம். நிதிக்குழுவில் சரிபாதி பெண்கள். அதில் குப்பத்துப் பெண்ணும் கூலிவேலை செய்யும் பெண்ணும் இருக்க வேண்டும். வரவுசெலவுக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை கோயில் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கோயிலில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டப்படியான கூலியும் வார விடுப்பும் வேண்டும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் சொல்கிற புகார்க் குழு எங்கே, யார் உறுப்பினர், எந்த எண்ணில் அழைப்பது என்று எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும். இதில் ஒன்றுக்குக்கூட ரோமின் அனுமதி தேவையில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து நடக்கும் கூட்டம் போதும்.

மறுத்தால்? பெண்கள் ஒரு வாரம் வேலையை நிறுத்திப் பார்க்கலாம். பூ மாறாது, துணி வெளுக்காது, பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்காது, செபமாலைக்குக் குரல் இருக்காது. செய்தவள் யார் என்று அப்போது தெரியும்.

மாணவிகளுக்கு நான் கொடுக்கும் பயிற்சி எளிது. உங்கள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குடியிருப்புச் சங்கம், எதன் ஆண்டறிக்கையானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘வழங்கப்பட்டது’, ‘நடைபெற்றது’ என்று முடிகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் சிவப்பு மையால் அடித்து, செய்தவளைத் தேடிக் கண்டுபிடித்து, எழுவாயோடு திருப்பி எழுதுங்கள். எழுதியதை ஐம்பது படி எடுத்து, அந்த இடத்தின் வாசலிலேயே நின்று கொடுங்கள்.