முதலில் மொட்டைமாடி, பிறகு அடுப்பு

சமையல் எரிவாயுவையும் பெட்ரோலையும் விட்டு மின்சாரத்துக்கு மாறுங்கள் என்ற அறிவுரை இப்போது எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. அறிவுரை சரிதான், எதை முதலில் மாற்றுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டு வீடுகளுக்கு அந்த வரிசைதான் முக்கியம். வரிசை பிசகினால் கரியும் குறையாது, பல வீடுகளில் காசும் மிஞ்சாது.

அடுப்பையே எடுத்துக்கொள்வோம். 14.2 கிலோ சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் பாதிக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி அடுப்படியைச் சூடாக்கிவிட்டுப் போய்விடும். இண்டக்ஷன் அடுப்பில் இந்த விரயம் குறைவு என்பதால், ஒரு சிலிண்டரின் வேலையை 125 யூனிட் அளவில் முடித்துவிடலாம். இதுவரை நல்ல செய்தி. ஆனால் ஒரு சிலிண்டர் முழுதும் எரிந்தால் வெளியேறும் கரியமில வாயு 42 கிலோ அளவுதான். நாட்டின் மின்சாரத்தில் முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால், யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ என்று வைத்தால் 125 யூனிட்டுக்கு 90 கிலோவை நெருங்குகிறது. அடுப்படியில் நிறுத்திய கரி, எண்ணூரிலும் மேட்டூரிலும் இரட்டிப்பாகக் கிளம்பும். பணக் கணக்கும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் குடும்பத்துக்கு இண்டக்ஷன் லாபம்தான். ஏசி ஓடி 450 யூனிட்டில் நிற்கும் வீட்டில் இந்த 125 சேர்ந்தால் 500ஐத் தாண்டிவிடும். கீழ்ப்படியில் கிடைத்த சலுகையில் ஒரு பகுதி பறிபோய், தாண்டிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் எட்டு ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும்.

ஸ்கூட்டரில் கணக்கு தலைகீழ். நூறு கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று அதிகமாகப் பெட்ரோல் குடிக்கும் வண்டி ஐந்து கிலோ கரியமில வாயுவை விடுகிறது. மின்சார ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட் கேட்கும். அத்தனையும் சாதாரண ஈபி மின்சாரமே என்றாலும் கரி பாதியாகிவிடுகிறது. இருநூறு ரூபாய்க்கு மேல் ஆன செலவு முப்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். கூரையில் பேனல் இருக்கிறதோ இல்லையோ, அடுத்து வண்டி வாங்கும்போது இதைச் செய்துவிடலாம். அடுப்பு மட்டும் பேனலுக்காகக் காத்திருக்க வேண்டும்.

மொட்டைமாடியில் ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளுக்கு நான்கு யூனிட் தரும். முந்நூறு சதுர அடியில் மூன்று கிலோவாட் வைத்தால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட். ஏசி, ஸ்கூட்டர், அடுப்பு மூன்றும் அதில் அடங்கிவிடும். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024இல் வந்ததிலிருந்து இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. பத்து கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று விதியும் தளர்ந்திருக்கிறது. இருந்தும் காற்றாலையில் முன்னோடியான நாம் கூரைச் சூரிய மின்சாரத்தில் குஜராத்துக்கும் கேரளத்துக்கும் பின்னால் நிற்கிறோம். 2016 முதல் எல்லா வீட்டுக்கும் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இதற்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பில் குறைவாக வரும் வீட்டுக்குப் பேனல் போட்ட பணம் திரும்பிவரப் பல ஆண்டுகள் ஆகும். அவர்களைப் போய் வற்புறுத்துவதில் அர்த்தமில்லை.

ராத்திரி தோசை சுட வெயில் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. பகலில் மின்வாரியத்துக்குக் கொடுத்ததை இரவில் எடுத்ததில் கழிப்பது நெட் மீட்டரின் வேலை. பில்லுக்கு இது போதும், கரிக்குப் போதாது. மாலை ஏழு மணிக்கு ஊரே மின்சாரம் கேட்கும்போது எரிவது நிலக்கரிதான். அதனால் தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், வண்டி சார்ஜ் ஆகியவற்றை நண்பகலுக்கு நகர்த்துவது மாற்றத்தின் பாதி வேலை. மின்வெட்டில் என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானது. பேட்டரி இல்லாத பேனல், கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவரின் பாதுகாப்புக்காக, மின்வெட்டின்போது தானே நின்றுவிடும். ஆகவே ஒரு சிலிண்டர் மூலையில் இருக்கட்டும். ஈயச் சொம்பும் மண்சட்டியும் இண்டக்ஷனில் சூடேறாது என்பதால் ரசத்துக்கும் மீன்குழம்புக்கும் அது எப்படியும் வேண்டும். ஆனாலும் நாடு செலவழிக்கும் எரிவாயுவில் ஏறக்குறைய அறுபது சதவீதம் இறக்குமதி, அதில் பெரும்பகுதி ஹார்முஸ் நீரிணை வழியே வருவது. அங்கே பதற்றம் என்றால் இங்கே விலை ஆடும். ஆண்டுக்கு ஆறு சிலிண்டர் வாங்கும் வீடு இரண்டோடு நிறுத்திக்கொண்டால் அதுவே பெரிது.

எனக்குப் பதில் தெரிந்தும் தர முடியாத ஆட்சேபம் அடுக்குமாடிக்காரர்களுடையது. ஐந்து மாடிக்கு ஒரே மொட்டைமாடி. அதிலும் பாதியைத் தண்ணீர்த் தொட்டி பிடித்துக்கொள்கிறது. வேறோர் இடத்தில் கூட்டாகப் பேனல் வைத்து, அதன் யூனிட்டுகளை அவரவர் பில்லில் கழிக்க டெல்லியில் 2019இலேயே வழிகாட்டு விதிகள் வந்துவிட்டன. சென்னைக்கும் கோவைக்கும் தேவை அப்படியொரு ஏற்பாடுதான். வாடகைக்கு இருப்பவரும் அதில் பங்கு வாங்க முடிய வேண்டும். அது வரும்வரை அவர்கள் ஸ்கூட்டரை மட்டும் மாற்றிக்கொண்டு, கேஸ் அடுப்பிலேயே சமைக்கலாம்.